மைனஸ் நாற்பது டிகிரி வெயில்

வாகனத் தகுதி நிலையத்தில் அன்று காலை பதினொரு மணிக்கு வெப்பநிலை மைனஸ் நாற்பது டிகிரி என்று பதிவாயிற்று. பதிவு செய்த உதவி ஆய்வாளரின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்து அந்த எண்ணை நனைத்தது. அவர் அதைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டு, அழிந்துபோய்விடாமல் எண்ணின் மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதினார்.

"மைனஸ் நாப்பதா?" என்று கேட்டார் காரின் சொந்தக்காரர்.

"நான் சொல்லல சார். உங்க கார் சொல்லுது. இஞ்சினுக்குள்ள போற காத்து எவ்வளவு சூடுன்னு பாக்க ஒரு சென்சார் இருக்கு. அது சொல்றதை இந்த மெஷின் காட்டுது. நான் எழுதிக்கிறேன், அவ்வளவுதான்."

"உங்களுக்கே வேர்த்து ஊத்துதே."

"எனக்கு வேர்க்கிறது என் சொந்த விஷயம். அதுக்குப் படிவத்துல இடம் இல்ல."

காரின் கண்ணாடியில் 'ஓட்டத் தடை' என்று சிவப்புத் தாள் ஒட்டப்பட்டது. வளாகத்தின் மூலையில் கயிறு கட்டிய இடத்துக்குக் காரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஓட்டிக்கொண்டே போகலாமே என்றார் அவர். தடை செய்த வண்டியை எப்படி ஓட்டுவது என்று திருப்பிக் கேட்டார்கள். அதுவும் சரிதான் என்று அவரும் ஒரு பக்கம் கை கொடுத்துத் தள்ளினார்.

அவரைப் பல்செட்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ஊரிலும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் முப்பது வருஷமாகப் பல்செட் செய்கிறவர். சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக டாக்டர் அச்செடுத்த தாடைகளை உள்ளே தள்ளுவார். இவர் பல் கட்டி வெளியே தள்ளுவார். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவருக்கு அத்துப்படி. முகம் ஒன்றுகூடத் தெரியாது. கல்யாணம் ஆகவில்லை. சமைப்பது, சாப்பிடுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் ஒரு ஆளுக்கு. சில நாள் மாலையில் வாய் திறந்து பேசினால் குரல் கட்டிப்போயிருக்கும், காலையிலிருந்து பேசவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு அக்கா. ஒன்பது வயது மூத்தவள். அம்மா போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள். நாற்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஊரையே வண்டி ஓட்ட வைத்தவளுக்கு, சொந்தத் தம்பியை மட்டும் திருத்த முடியவில்லை. கிளட்ச்சிலிருந்து காலை எடுக்க மாட்டார். வண்டி குலுங்கும், முனகும், சமயத்தில் நடுத்தெருவில் நின்றே போகும்.

இப்போது அக்கா முதியோர் இல்லத்தில் இருந்தாள். நினைவு ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது. அறைக்குள் அவர் போனால், "வாங்க சார், உக்காருங்க. எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க?" என்பாள். நல்ல மரியாதை. அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஆனால் புதன்கிழமைகளில் காரில் உட்கார வைத்து இல்லத்தின் வாசலைத் தாண்டுவதற்குள் அக்கா நிமிர்ந்துவிடுவாள். "டேய்! கிளட்ச்லேர்ந்து கால எடுடா. எத்தன தடவ சொல்றது?" பிறகு ஒரு மணி நேரம் திட்டு. அம்மா, பழைய வீடு, அவர் ஒன்பதாவதில் ஃபெயில் ஆனது எல்லாம் வரும். உலகத்தில் அவரை டேய் என்று கூப்பிட மிச்சமிருந்தது அந்த ஒரு ஆள். அதுவும் வாரத்தில் ஒரு மணி நேரம், அந்தக் காரில் மட்டும்.

அந்தக் கார்தான் இப்போது கயிற்றுக்குள் நின்றது.

நிலையத்துக்குச் சொந்தமாகப் பட்டறை உண்டு. காரின் கணினி பழுதைத் தெளிவாகவே சொல்லியிருந்தது: காற்று வெப்ப சென்சார் சுற்றில் கோளாறு. பட்டறையில் எதையும் கடைசிவரை படிக்கும் வழக்கம் இல்லை. 'சென்சார்' வரை படித்தார்கள், சென்சாரை மாற்றினார்கள். மைனஸ் நாற்பது. வேறொன்று போட்டார்கள். மைனஸ் நாற்பது. மூன்றாவதாக, பெட்டி பிரிக்காத புதுசு. அதுவும் மைனஸ் நாற்பது என்றது.

உதவி ஆய்வாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா? ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மூணு சென்சார். மூணும் ஒரே மாதிரி சொல்லுது. அப்ப தப்பு சென்சார்ல இல்ல."

"அதான் சார் நானும் சொல்றேன்."

"தப்பு காத்துல இருக்கு. இங்க குளிர் ஜாஸ்தி. நீங்க கடுங்குளிர்ப் பிரிவுக்குப் போகணும்."

கடுங்குளிர்ப் பிரிவு நீண்ட தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. கதவைத் தட்டியதும் உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. கம்பளிக் குல்லாய், கழுத்தில் மப்ளர், மணிக்கட்டு வரை தடித்த ஸ்வெட்டர் போட்ட ஒருவர் கதவைத் திறந்தார். முகம் வெந்த மாதிரி சிவந்திருந்தது.

"விண்ணப்பமா?" என்றார். குரல் நடுங்கியது. குளிரால் அல்ல.

நாற்காலியைத் தன் ஸ்வெட்டர் கையாலேயே துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். அறையில் மின்விசிறி இருந்த இடத்தில் கொக்கி மட்டும் தொங்கியது; குளிர்ப் பிரிவுக்கு விசிறி எதற்கு என்று கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். ஸ்வெட்டர் சீருடை. கழற்றினால் மெமோ.

"பதினொரு வருஷம் சார். நீங்கதான் முதல் ஆள். நடுவுல ஒருத்தர் வந்தார், கழிவறை எங்கன்னு கேட்டுட்டுப் போயிட்டார்." அதிகாரி டீயை ஊதிக் குடித்தார். "போன வருஷம் இந்தப் பிரிவ மூடிடலாம்னு ஒரு ஃபைல் வந்தது. 'பத்து வருஷமா இங்க குளிரே வரலையே'ன்னு கேட்டாங்க. நான் விடல. 'குளிர் வராமல் இருப்பதே இப்பிரிவின் சாதனை'ன்னு எழுதி அனுப்பினேன். அடுத்த மாசமே எனக்குப் பதவி உயர்வு."

"சார், என் காருக்கு…"

"உங்க காருக்கு என்ன, ஜமாய்ச்சிடலாம். டயருக்குப் பனிச் சங்கிலி இருக்கா? பனி அள்ற மண்வாரி? உறைபனியில மாட்டிக்கிட்டா மூணு நாளைக்குச் சாப்பாடு?"

"எத்தன நாள் ஆகும் சார்? புதன்கிழமைக்கு எனக்கு வண்டி வேணும்."

"எந்தப் புதன்கிழமை?" என்று அதிகாரி உண்மையாகவே கேட்டார். இதற்குமுன் யாரும் வந்ததில்லை என்பதால் எத்தனை நாள் ஆகும் என்று அவருக்கும் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பல்செட்காரர் எழுந்தபோதெல்லாம் இன்னொரு படிவம் எடுத்தார். தனியாக இருக்கிறவன் ஆளை விடாமல் பிடித்துவைக்கிற வித்தை பல்செட்காரருக்கும் தெரியும். அதனால் கோபம் வரவில்லை.

முதல் புதன்கிழமை பஸ்ஸில் போனார். அக்கா, "உக்காருங்க சார்" என்றாள். இரண்டாவது புதன் டாக்ஸி பிடித்தார். அக்கா பின்சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுநரை நன்றாக ஓட்டுவதாகப் பாராட்டினாள். மூன்றாவது புதன் டாக்டரின் காரைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிப்போனார். அதில் கிளட்ச்சே கிடையாது. "வழவழன்னு போகுது சார், உங்க வண்டி" என்றாள் அக்கா. நான்காவது, ஐந்தாவது புதன்களில் பனிச் சங்கிலி தேடி அலைந்தார். முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் பனி அள்ளும் மண்வாரி கேட்டவரைக் கடைக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஆறாவது புதன் போனபோது அக்கா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். திரும்பி வரும் வழியில், டேய் என்கிற சொல் அந்த வாய்க்குள் இன்னும் இருக்கிறதா, அதுவும் கழன்று விழுந்துவிட்டதா என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாளே வயரிங் அம்மாவைத் தேடிப் போனார். வண்டிகளுக்கு மின் வேலை பார்க்கிற பெண். ஐம்பது வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தபோது, மேல்வரிசை இடது பக்கத்தில் மூன்றாவது பல் தன் கையால் செய்தது என்று அவருக்குத் தெரிந்தது. அந்தப் பல்லுக்கு ஒரு முகம் இருப்பதை அன்றுதான் பார்த்தார். சொல்லிக்கொள்ளவில்லை.

நிலையம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த மதிய நேரத்தில் அவள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கையடக்க மெஷினைக் காரில் மாட்டினாள். சென்சாரிலிருந்து இணைப்பைக் கழற்றி, அதன் இரண்டு துளைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தாள்.

"இப்ப இது ரெண்டும் சேந்தாச்சு. வயர் நல்லா இருந்தா மெஷின் நெருப்புச் சூடு காட்டணும். என்ன காட்டுது, படிங்க."

"மைனஸ் நாப்பது."

"அப்ப நாம என்ன செஞ்சாலும் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரல. சேதி வரலைன்னா அது மைனஸ் நாப்பதுன்னுதான் சொல்லும். குளிருதுன்னு அர்த்தம் இல்லண்ணே, எதுவும் கேக்கலைன்னு அர்த்தம்."

மீட்டரை வைத்து வயரின் இரண்டு முனைகளையும் தொட்டாள். ஒரு வயருக்கு மீட்டர் கீச்சென்றது. இன்னொன்று ஊமை. அந்த ஊமை வயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். பேட்டரிக்குப் பக்கத்தில், பட்டை இறுக்கிப் பிடித்த இடத்தில் நிறுத்தினாள். மேல்தோல் பளபளவென்று இருந்தது. உள்ளே கம்பி முறிந்திருந்தது. வெட்டினாள், ஒட்டுப்போட்டாள், உறை மாட்டினாள். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். மெஷின் நாற்பத்தொன்று காட்டியது. பல்செட்காரருக்கு நாற்பத்தொரு டிகிரி வெயிலைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலை நிலையம் அமளிதுமளிப்பட்டது. நேற்றுவரை மைனஸ் நாற்பதாக இருந்த காற்று இன்று நாற்பத்தொன்று. ஒரே இரவில் எண்பத்தொரு டிகிரி காணாமல் போயிருக்கிறது. பொறுப்பேற்பது யார்? விசாரணைக்கு இயக்குநரே வந்தார். பல்செட்காரரையும் வயரிங் அம்மாவையும் கூப்பிட்டனுப்பினார்கள். விவகாரம் கடுங்குளிர் சம்பந்தப்பட்டது என்பதால் அறையில் எல்லோரும் சால்வை போர்த்தியிருந்தார்கள். கோப்புகளின் மேல் வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"வயர் முறிஞ்சிருந்தது சார். ஒட்டியாச்சு. அவ்வளவுதான்" என்றாள் வயரிங் அம்மா.

"வயர் ஒரு பாகமா?" என்று இயக்குநர் படிவத்தைப் புரட்டினார். "இருநூத்துப் பன்னெண்டு பாகம் இருக்கு. வயர் இல்ல. இல்லாத பாகம் எப்படிம்மா பழுதாகும்?"

அவள் பல்செட்காரரைப் பார்த்தாள். பல்செட்காரர் தரையைப் பார்த்தார்.

இயக்குநர் எழுந்து நின்று பேசினார். "இந்த நிலையத்துக்கு ஒரு பாரம்பரியம் இருக்கு. நாங்க யார் சொல்றதையும் நம்ப மாட்டோம். எங்க தோலையும் நம்ப மாட்டோம். இங்க இருக்கிற எல்லாருக்கும் இப்ப வேர்க்குது, எனக்குத் தெரியும். எனக்கு முதுகெல்லாம் நனைஞ்சிருக்கு. ஆனா அத வெளிய சொல்லாம இருக்கிறதுக்குப் பேர்தான் நிர்வாகம். பதிவுல இருக்கிற காத்த ஒரு தனி ஆள் பகல்ல வந்து சூடாக்கிட்டுப் போறத அனுமதிச்சா, நாளைக்கு ஆளாளுக்கு வந்து உண்மைய மாத்திட்டுப் போவாங்க. அப்புறம் நாங்க எதுக்கு?"

கைதட்டல் எழுந்தது.

காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உத்தரவாயிற்று. ஒட்டிய வயரை வெட்டச் சொன்னபோது வயரிங் அம்மா, "சரி பண்ணதக் கெடுக்க எனக்குக் கை வராது" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பட்டறைக்காரர்களே வெட்டினார்கள். அந்த ஒரு வேலையை முதல் தடவையிலேயே சரியாகச் செய்தார்கள். மைனஸ் நாற்பது திரும்பி வந்தது. அறையில் எல்லோரும் நிம்மதியாகச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் கடுங்குளிர்ப் பிரிவின் வரலாற்றில் முதல் தகுதிச் சான்று வழங்கப்பட்டது. மண்வாரிக்குப் பதிலாகப் பல்செட்காரர் பல் அச்சுக்குச் சாந்து குழைக்கிற கரண்டியை அதிகாரி பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டிருந்தார். சான்றின் முதல் நிபந்தனை: மைனஸ் பத்துக்கும் கீழான குளிர் உள்ள இடங்களில் மட்டுமே இந்த வாகனத்தை ஓட்டலாம்.

"அப்படி இடம் எங்க சார் இருக்கு?"

"பதிவுப்படி பாத்தா ஒரே இடந்தான்" என்று அதிகாரி ஜன்னலுக்கு வெளியே காட்டினார். நிலையத்தின் வளாகம். சிமெண்ட் தளத்திலிருந்து அனல் நெளிந்து எழுந்துகொண்டிருந்தது.

இரண்டாவது நிபந்தனை: பத்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. மூன்றாவது: பனியில் வண்டி சறுக்கும் என்பதால் குலுங்கவோ இஞ்சின் நிற்கவோ கூடாது. மூன்று முறை பிழை பதிவானால் சான்று ரத்து. கார் உடைப்புக்குப் போய்விடும்.

எட்டாவது புதன்கிழமை பல்செட்காரர் அக்காவைப் பஸ்ஸில் நிலையத்துக்கு அழைத்து வந்தார். வேறு வழி? கயிற்றை அவிழ்த்தார்கள். அக்காவை முன்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் மாட்டினார். அதிகாரி ஸ்வெட்டரும் குல்லாயுமாக, கையில் நோட்டுப் புத்தகத்தோடு, காருக்குப் பக்கத்திலேயே நடக்கத் தயாராக நின்றார்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினார் பல்செட்காரர். நாற்பது வருஷமாக அக்கா சொல்லிச் சொல்லிக் கேட்காததையெல்லாம் அன்று செய்தார். கிளட்ச்சை விட்டுவிட்டுக் காலைத் தரையில் வைத்தார். கார் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று தண்ணீர்போல் போயிற்று. அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"நல்லா ஓட்டுறீங்க சார்" என்றாள். "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

இப்படியே ஓட்டினால் கார் இருக்கும். ஒவ்வொரு புதனும் இந்த வளாகத்தைச் சுற்றிச் சுற்றி வரலாம், பக்கத்தில் ஒரு மரியாதையான அந்நியப் பெண்மணியை வைத்துக்கொண்டு.

இடது காலைத் தூக்கிக் கிளட்ச்சின் மேல் வைத்தார். கார் குலுங்கியது. "பிழை ஒன்று" என்றார் அதிகாரி மூச்சிரைக்க நடந்துகொண்டே. அக்கா திரும்பி அவர் காலைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"சார், அந்தக் கால்…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

மறுபடியும் அரைக் கிளட்ச். கார் முனகிக்கொண்டு துள்ளியது. "பிழை ரெண்டு. சார், வேணாம், பாத்து ஓட்டுங்க" என்றார் அதிகாரி. அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. அக்காவின் வலது கால், தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்திக்கொண்டிருந்தது. வாய் திறந்து மூடியது. சொல் வரவில்லை.

பல்செட்காரர் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு காலை வெடுக்கென்று எடுத்தார். கார் தூக்கிப்போட்டு, ஒரு முறை உறுமி, செத்து நின்றது.

"டேய்!" என்று கத்தினாள் அக்கா. "அறிவிருக்காடா உனக்கு? அம்பது வயசு வரைக்கும் சொல்லிட்டேன், அறுபது வயசுக்கும் சொல்லணுமா? கிளட்ச் என்னடா உனக்குக் கால் வைக்கிற மணையா? ஒன்பதாவதுலயும் இப்படித்தான், கணக்கப் போடச் சொன்னா பேனாவக் கடிச்சுக்கிட்டு…"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதார். "ஆமாக்கா… சரிக்கா…" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். இவ்வளவு சந்தோஷமாக அவர் எந்தத் திட்டையும் வாங்கியதில்லை.

அதிகாரி ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார். நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது. அக்கா அவரைப் பார்த்தாள்.

"இவன எழுதிக்காதீங்க சார். என் தம்பி. நான்தான் சரியாச் சொல்லிக் குடுக்கல."

அதிகாரி நிமிர்ந்தார். கன்னத்தில் வழிந்த வியர்வையை மப்ளரால் துடைத்துக்கொண்டார். பிறகு நோட்டில் எழுதினார்: 'மூன்றாம் பிழை: கடுங்குளிரில் பேனாவின் மை உறைந்துவிட்டபடியால் பதிவு செய்ய இயலவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த புதன்கிழமையும் வருவீங்கல்ல?" என்று கேட்டார்.

"வருவோம் சார்."

ஐந்து மணிக்குக் காரை மறுபடி கயிற்றுக்குள் விட்டுவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அக்கா பாதி வழி வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தாள். பிறகு பேச்சு குறைந்தது. அப்புறம் நின்றே போனது. பஸ் வந்ததும் அவர் ஒதுங்கி நின்று அவளுக்கு வழிவிட்டார். அக்கா படியில் கால் வைக்காமல், அவர் முழங்கையைத் தொட்டுச் சிரித்தாள்.

"நீங்க முதல்ல ஏறுங்க சார். பெரியவங்க."